கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கம்

அடிமட்டத்துக்காகத்தான் சண்டை என்று
எல்லோரும் நினைத்தார்கள்.
விதுர்ஷியா கேட்டாள், நான் கொடுக்கவில்லை,
அவள் இழுத்தாள், அது முறிந்தது,
நான் அறைந்தேன்.
பத்து நாற்பது. மூன்றாம் பாடம்.
யன்னலுக்கு வெளியே மவுசாக்கலைத் தண்ணீர் மேல்
பனி மூட்டம் அப்படியே நின்றது.

இரவில்தான் யோசித்தேன்.
அன்று காலை எனக்குள்ளே போனது
ஒரு கோப்பை சாயத்தண்ணி,
மூன்று கரண்டி சீனி.
அதை நம்பித்தான்
நாலு மைல் குறுக்குப்பாதை இறங்கியிருக்கிறேன்.

கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
நடுவே ஒரு கோடு.
இந்தப் பக்கம் தின்றது.
அந்தப் பக்கம் நான்.

திங்கள்: கிரீம் பிஸ்கட், அரைப் பக்கற்.
ஒன்பது மணிக்கு மஸ்கெலியாவே என் கையில்.
பத்தரைக்குத் தலைக்குள் யாரோ
லைட்டை அணைத்துவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்: டினோஜன் வாங்கிய நீலத் தகரம்,
பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஆளுக்கு மூன்று மிடறு.
நெஞ்சு தப்படித்தது.
இருபடிச் சமன்பாடு இடம் மாறி மாறி உட்கார்ந்தது.
இரவு இரண்டு மணிவரை
கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று.

புதன்: சீனிப் பணிஸ்.
தமிழ்ப் பாடத்தில் அழுகை வந்தது.
பகுபதம் பிரிக்கும்போது அழுதவள்
இந்தத் தீவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வியாழன்: நேற்றைய ரொட்டி, கட்டைச்சம்பல்.
ரொட்டி மலை ஏறும் என்பார்கள் எங்கள் லயத்தில்.
ஏறியது. பன்னிரண்டரை வரை.

வெள்ளி: முட்டை.
முழு முட்டை. தங்கச்சிக்குத் தெரியாமல்.
அன்றுதான் விதுர்ஷியாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.
கேட்டது நானா முட்டையா என்று
எழுத அந்த வரியில் இடம் இல்லை.

ஒரு மாதம் எழுதினேன்.
சம்பளம் வந்த வாரத்தில் கடலை, கீரை, நெத்திலி.
அடுத்த சம்பளத்துக்கு முந்தின வாரத்தில்
சீனி, சீனி, சீனி.
சுகாதாரப் புத்தகத்தில் ஒரு படம்:
அப்பிள், பால், மீன், சிரிக்கிற குடும்பம்.
கீழே, "சரியான உணவைத் தெரிவுசெய்க."
கடைக்கார முதலாளி எங்கள் பெயருக்குக் கீழே
சிவப்புக் கோடு இழுத்த நாளில்
அந்த வசனத்தை வாசித்துப் பார்த்தேன்.
எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

ஆனால் பொய்யும் சொல்லக்கூடாது.
பள்ளிக்கூட வாசலில் பணிசும் அவித்த கடலையும்
ஒரே விலைதான்.
கடலை வாங்கினால் டினோஜன்
"குதிரைக்கு வைக்கிறது" என்று சிரிப்பான்.
அதனால்தான் பணிஸ்.
அதையும் எழுதியிருக்கிறேன், பென்சிலால்.

நேற்றுப் பின்னேரம்
கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா
வாளி இடத்தில் இல்லை என்று கத்தினாள்.
வாளி இடத்தில்தான் இருந்தது.
வழக்கமாக நானும் கத்துவேன்.
அவள் குரல் உயர்ந்த உயரத்தை
எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.
பத்து நாற்பது. மூன்றாம் பாடம்.

கொப்பியை எடுத்து இன்னொரு கோடு போட்டேன்.
"காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?"
"என்னடி விசாரண? சாயந்தான்."
"பகலைக்கு?"
"வெத்தல."
எழுதினேன்.
"அதென்ன எழுதுற?"
"கணக்கு."
"அப்ப வாய மூடிக்கிட்டு எழுது."

சொல்லிக்கொண்டே மாவு பிசைந்தாள்.
முதல் ரொட்டி தங்கச்சிக்கு, இரண்டாவது எனக்கு.
மூன்றாவதன் கருகின ஓரத்தைப் பிய்த்து
அடுப்படியில் நின்றபடியே
மெல்லத் தொடங்கினாள்.

நாலு ஐம்பது என்று குறித்தேன்.
ஐந்து பத்துக்கு
வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
"இங்கதான் இருந்திருக்கு சனியன்" என்று
சிரித்தாள்.